மாசியில் குமரி: கடலோரப் பனங்காடா, மலையோரக் கிராம்புத் தோட்டமா?

வியாழக்கிழமை இரவு, நாகர்கோவில்

மெல்பர்னில் குடியிருக்கும் சித்தப்பா மகன் அண்ணனும் அவர் மனைவியான மைனியும் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தார்கள். கல்யாணம் முடிந்தும் விமானம் ஏறச் சில நாட்கள் மிச்சம் இருப்பதால் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கிய பேச்சு, ஏப்ரலில் வரும் அவர்களுடைய ஈஸ்டர் விடுமுறையைப் பற்றியது. அண்ணன் ஒயின் பிரியர். அந்த விடுமுறையைத் திராட்சைத் தோட்டங்களில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடலோரத் தோட்டங்களுக்குப் போவதா, உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் போவதா என்பதில்தான் இருவருக்கும் இழுபறி.

கடலோரம் என்று அவர்கள் சொல்வது மார்னிங்டன் தீபகற்பத்தை. மெல்பர்னிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம்; மூன்று பக்கமும் கடல்; பினோ நுவார், ஷார்டனே என்னும் குளிர்நிலத் திராட்சைகளுக்குப் பெயர் பெற்ற இடம். உள்நாடு என்பது வடகிழக்கே மூன்று மணி நேரம் ஓட்டிச் சென்றால் மர்ரி ஆற்றை ஒட்டி வரும் ரூதர்க்ளென். 1860-களில் தங்கம் தோண்ட வந்தவர்களால் பெருத்த அந்த ஊர், இன்று மஸ்கட் திராட்சையில் செய்யும் பாகு போன்ற இனிப்பு ஒயினுக்காக அறியப்படுகிறது. அண்ணனுக்குக் கடலோரமே போதும். பக்கம், அழகு, சாப்பாடும் நன்றாக இருக்கும் என்கிறார். மைனிக்கு அதில் மனமில்லை. அவர் குடிப்பதில்லை. இரத்தத்தில் 0.05 அளவுக்கு ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டக்கூடாது என்ற சட்டம் அங்கே கண்டிப்பாக நடைமுறையில் இருப்பதால், சுவைத்துப் பார்க்க அண்ணனும் வண்டி ஓட்ட மைனியும் என்று வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. "எங்கே போனாலும் ஒரு மேசை, வரிசையாகக் கண்ணாடிக் கோப்பை, ஜன்னலுக்கு வெளியே பச்சை. அங்கே நடக்கிற வேலையை மட்டும் கண்ணில் காட்டவே மாட்டார்கள்" என்பது அவருடைய குறை.

அந்தக் கேள்வியை அப்படியே நம் ஊருக்குத் திருப்பியவரும் மைனிதான். திற்பரப்பு அருவியும் விவேகானந்தர் பாறையும் பலமுறை பார்த்தாயிற்று. இங்கே விளைகிற ஒன்றை, அது விளைகிற இடத்திலேயே பார்க்க வேண்டுமானால் கடற்கரைப் பக்கம் போவதா, மலைப்பக்கம் போவதா என்று கேட்டார். வெளியூர்க்காரர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கும் கேள்விதான் இது. பொதுவாக நான் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைத்தான். இது மாசி. கடலோரத்தில் பனையும் மலையில் கிராம்பும் ஒரே சமயத்தில் வேலைக்கு ஆள் தேடும் மாதம் இது. கடலலை பட்ட மணலிலிருந்து மலையடிவாரத்துக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத இந்த மாவட்டத்தில், இரண்டையும் பார்த்துவிட்டே எது மேல் என்று பேசலாம் என்று முடிவாயிற்று.

குமரியில் திராட்சை ஏன் இல்லை என்று அண்ணன் கேட்டதற்கும் இங்கேயே பதிலைக் குறித்துவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. காற்றில் ஈரம் ஓயாத இடத்தில் திராட்சைக் கொடியைப் பூஞ்சை விடாது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு மலைகளின் மறைவில் இருப்பதால்தான் அங்கே பன்னீர் திராட்சை செழிக்கிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்திய ஒயினில் பெரும்பங்கைத் தரும் நாசிக்கும் கடலிலிருந்து விலகி, மேட்டுநிலத்தில், மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அறுவடை செய்கிற ஊர்தான். கடலோரமா உள்நாடா என்ற கேள்விக்கே இந்தியத் திராட்சையில் இடமில்லை. பனைக்கும் கிராம்புக்கும் நம் ஊரில் அந்தக் கேள்வி உண்டு.

வெள்ளிக்கிழமை, முட்டம் பக்கத்துச் செம்மணல் தேரி

இருட்டு பிரியும் முன்பே ராஜாக்கமங்கலம் வழியாகக் கிளம்பி, முட்டத்துக்கு இப்பால் சாலையை விட்டு இறங்கி நடந்தோம். முட்டத்தின் செந்தேரியைப் படங்களில் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் தெரியும். காலை வைத்தால் புதையும் மென்மை படத்தில் தெரியாது. கடற்காற்று காலங்காலமாய் அள்ளிக் குவித்த சிவந்த மணல் அது. மேலே பெய்கிற மழையைத் தேக்கி வைக்காமல் உடனே உள்ளே வாங்கிக்கொள்ளும் அந்த மணலில், வேரை ஆழத்துக்கு விட்டு நிற்கத் தெரிந்த பனைதான் சலிக்காமல் நிற்கிறது.

ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த பனையேறிப் பெரியவர் இரண்டு மரங்களை முடித்துவிட்டு மூன்றாவதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கால்களை இணைக்கும் தளைநார், இடுப்பில் பாளையை, அதாவது பனையின் பூந்தண்டை, சீவும் அரிவாள் செருகிய பெட்டி, அதன் ஓரத்தில் சுண்ணாம்புக்கென்று தனிச் சிறு பெட்டி. "வாங்க மக்கா, வெயிலுக்கு முந்தி வந்தது நல்லதாப் போச்சு" என்றார். பதநீரை இங்கே அக்கானி என்போம். வெயில் ஏறினால் அக்கானி ருசி மாறத் தொடங்கிவிடும் என்பதால், பார்க்க வருபவர் ஒன்பது மணிக்கு மேல் வருவதில் பயனில்லை.

உயர்ந்த பனையில் என்ன நடக்கிறது என்பது கீழிருந்து தெரியாது. அதனால் பெரியவர் எங்களை ஒரு வடலியின் அருகே அழைத்துப் போனார். மூன்று ஆள் உயரம்கூட இல்லாத இளம்பனை. சாய்வான மணல் மேட்டில் நின்றதால் மேட்டின் உச்சியில் நின்று பாளையை ஏறக்குறைய முகத்துக்கு நேராகப் பார்க்க முடிந்தது. அது அலகுப் பனை, அதாவது ஆண் பனை. விரல் போல நீண்ட பாளைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் நுனி கலயத்தின் வாய்க்குள் இருக்கும்படி விட்டிருந்தார். கலயத்தை எடுத்ததும் நுனியில் ஒரு துளி திரண்டு நின்றது. அரிவாளை நுனியில் வைத்து ஒரே இழுப்பில் ஒரு சீவல் எடுத்தார். வெங்காயத் தோலைவிட மெல்லியதாக இருந்த அந்தச் சீவல் மணலில் விழுமுன்பே வெட்டுவாயில் அடுத்த துளி ஊறிவிட்டது. சீவல் கனத்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மிக மெலிந்தால் பழைய வாய் அடைந்தபடியே இருந்து ஊறல் நின்றுவிடும். இந்த நடுவளவைக் கை அறிய ஆண்டுகள் ஆகும் என்றார். காலையிலும் மாலையிலும் அக்கானி இறக்கவும், நடுப்பகலில் பாளையை மட்டும் சீவிவிடவும் என்று ஒரு மரத்தில் நாளைக்கு மூன்று முறை ஏற வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகப் பாளை காத்திருக்காது. ஒருநாள் விட்டால் வாய் காய்ந்து அந்தப் பாளை கெட்டுவிடும்.

மைனிக்கு வேண்டியிருந்தது இதுதான் என்பது அவர் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையிலேயே தெரிந்தது. அண்ணனின் கவனமோ கலயத்தின் உட்புறத்தில் பூசியிருந்த சுண்ணாம்பின்மேல் நின்றது. பனஞ்சாற்றில் காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் நொதி சேர்ந்துகொண்டே இருக்கும். சும்மா விட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதியை வேலை செய்யவிடாமல் தடுத்து, இனிப்பை இனிப்பாகவே நிறுத்தி வைக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு எட்டிப் பார்க்கும். கூடினால் நாக்கில் கரிக்கும், பின்னால் காய்ச்சும்போது கருப்பட்டி சரியாக இறுகாது.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ரூதர்க்ளென் மஸ்கட்டைப் பற்றிச் சொன்ன செய்தியை நான் அதுவரை அறிந்ததில்லை. அங்கே பழத்தைக் கொடியிலேயே வதங்கிச் சுருங்கும்வரை விட்டுவிடுகிறார்கள். பிழிந்த சாறு கொஞ்சம் நொதித்ததும் அதில் வடித்த திராட்சை மதுவை ஊற்றி நொதியைச் சாகடித்துவிடுகிறார்கள். மீதி இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்து, பழைய ஆண்டுச் சரக்கோடு புதியது கலந்து கலந்து கறுத்துக் கெட்டியாகிறது. அவர்கள் சாராயத்தால் நிறுத்துவதை நாம் சுண்ணாம்பால் நிறுத்துகிறோம் என்று அவர் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே இங்கே கலயத்தில் சுண்ணாம்பு பூசுவது ருசி சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமன்று, சட்டமும் சம்பந்தப்பட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துக் கள்ளுக்கடைகள் சட்டப்படியே நடக்கின்றன என்பதை அண்ணன் நினைவுபடுத்தியபோது மைனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தோம். பட்டையின் பச்சை வாசம் முதலில் வரும்; அதன்பின் இனிப்பு; கடைசியில் தொண்டையில் மெல்லிய சுண்ணாம்பு நெடி. நாகர்கோவில் சாலையோரத்தில் பத்து மணிக்கு மேல் விற்கும் பதநீரில் இந்த மூன்றும் இந்த வரிசையில் வருவதில்லை. தூரம் போகப் போக இதன் குணம் கெடுகிறது. இது பயணம் செய்யாத பொருள். இன்றைய நாளில் நான் மனத்தில் குறித்துக்கொண்டது இதைத்தான், ஏனென்றால் கடலோரமா மலையா என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கும் என்று தோன்றியது.

பெரியவரின் வீட்டு முற்றத்தில் காய்ச்சும் வேலை பெண்களுடையது. வடிகட்டிய அக்கானியைப் பெரிய வார்ப்பில் ஊற்றி, காய்ந்த பனையோலையும் மட்டையும் எரித்து, இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். நுரை பொங்கி வழிய வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டார்கள். பொங்கிய நுரை அந்த நொடியே அமர்ந்தது. சாறு குறுகி, நிறம் வைக்கோலிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, கூப்பனி என்னும் பாகு நிலையைக் கடந்த பிறகு, அகப்பையால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார் வீட்டு அம்மா. உருட்ட வந்தது. உடனே வார்ப்பை இறக்கி, விளிம்பில் ஒட்டியதையெல்லாம் சுரண்டிச் சேர்த்துக் கிண்டி, வரிசையாக அடுக்கியிருந்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை அக்கானி தேவைப்படுகிறது. அதற்குரிய விறகையும் ஏற்ற இறக்கத்தையும் கண்ணால் பார்த்த பிறகு, கடையில் அநியாயத்துக்கு மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் சீனி எவ்வளவு என்று சந்தேகிக்காமல் இருக்க முடியாது.

பெரியவரின் மகன்கள் இருவரும் மரம் ஏறுவதில்லை. அவரும் அவர்களை ஏறச் சொல்வதில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய என்பது போலச் சிரித்தார்.

திரும்பும் வழியில் குளச்சல் வரை போய் வர நினைத்திருந்தோம். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் மாசிக் கொடை விழா நடப்பதால் கடலோரச் சாலை முழுக்கப் பேருந்தும் கூட்டமுமாய் இருந்தது. இந்த நாட்களில் அந்தப் பக்கம் வருபவர்கள் விடிவதற்கு முன் வந்து மதியத்துக்கு முன் திரும்பிவிடுவதே நல்லது. மண்டையப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு வெள்ளிச்சந்தை வழியே வீடு வந்தோம்.

சனிக்கிழமை, கீரிப்பாறைக்கு மேலே

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் வேலை இருக்காது என்பதால் மலைக்கு இன்றே போனோம். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை. அங்கிருந்து மாறாமலைப் பக்கம் ஜீப்பில்தான் போக வேண்டும். இந்தத் தோட்டங்களைச் சுற்றி இருப்பது வனவிலங்குச் சரணாலயம். எஸ்டேட்காரர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வழியில் கண்டதையெல்லாம் இறங்கிப் படம் எடுக்கும் நோக்கத்தோடு வருபவர்களுக்கு இது ஏற்ற இடம் அன்று.

கீழ்ச்சரிவு முழுக்க ரப்பர். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இங்கே உண்டு. 1984-இல் தொடங்கிய கழகம் அது. ரப்பர் பால் வெட்டுவதைப் பார்க்கலாம் என்று மைனி ஆசையாக இருந்தார். ஆனால் மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் நேரம். வெட்டுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். சிரட்டைகள் கவிழ்த்தபடி மரங்களில் தொங்கின, செந்தளிர் வெயிலில் மின்னியது, பார்க்க வேறு ஒன்றும் இல்லை. ரப்பருக்காக மட்டும் மலைக்கு வருபவர்கள் இந்த மாதத்தைத் தவிர்க்க வேண்டும்.

கிராம்புத் தோட்டம் அதற்கு மேலே. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்த மரம் இது. 1800-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பயிர்த் தோட்டம் வழியாகத் தென்னாட்டுக்கு வந்து, பின்னர் நம் மலைகளில் நிலைத்தது. இன்று இந்தியக் கிராம்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்து மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை முதலிய மலைகளில் விளைகிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மரத்தின் கீழே நின்றால் மேலே கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மொட்டுகள் தெரிகின்றன. பச்சையாய் இருக்கும் மொட்டின் அடிப்பகுதி இளஞ்சிவப்புக்கு மாறத் தொடங்கும் போது பறித்துவிட வேண்டும். மலர்ந்துவிட்டால் கிராம்பு இல்லை. பூவாய் உதிர்ந்த பின் எஞ்சுவதைக் கிராம்பாக விற்க முடியாது. எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பக்குவமாவதில்லை என்பதால் ஒரே மரத்துக்குப் பலமுறை திரும்பி வருகிறார்கள். கிளைகள் எளிதில் முறியக்கூடியவை. அதனால் மரத்தில் தொற்றி ஏறாமல், நீண்ட மூங்கில் ஏணியைக் கயிற்றால் அடிமரத்தோடு கட்டி, அதன் மேல் நின்று கொத்தை வளைத்துப் பறிக்கிறார்கள். ஏணியில் நின்ற இளைஞர் கொக்கியால் கிளையை இழுக்கும்போது அது முறியாமல் இருக்க வேண்டுமே என்று கீழே நின்ற எங்களுக்குத்தான் பதற்றம்.

பறித்த கொத்துகளைக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஒரு கையில் கொத்தைப் பிடித்து, மறு உள்ளங்கையில் அழுத்தித் திருகினால் மொட்டுகள் தனியே உதிர்கின்றன, காம்பு கையில் நிற்கிறது. காம்பையும் வீணாக்குவதில்லை, எண்ணெய் எடுக்க அது தனியாக விலை போகிறது. மைனியும் அமர்ந்து பிரித்துப் பார்த்தார். சிறிது நேரத்துக்குள் உள்ளங்கை மரத்துப்போனது. பல்வலிக்குக் கிராம்பெண்ணெய் வைப்பதன் காரணம் அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லாமலே விளங்கியது. உதிர்த்த மொட்டுகளைப் பாயில் பரப்பி நல்ல வெயிலில் நான்கைந்து நாட்கள் காய வைத்தால் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து கரும்பழுப்பாகிறது. இரண்டாக ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். சாக்குப் போட்டு மூடும் முன் மேற்பார்வையாளர் அப்படி ஒடித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

பதினொரு மணி வாக்கில் தெற்கே இருந்து மஞ்சு ஏறி வந்தது. அதுவரை கீழே நீலமாய்த் தெரிந்த கடற்கோடு மறைந்து, பாய்களை அவசரமாகச் சுருட்டினார்கள். இந்த மஞ்சு இல்லாவிட்டால் இந்த மணம் இல்லை என்றார் மேற்பார்வையாளர். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மஞ்சாகிறது. அந்தக் குளிர்ச்சியில் மொட்டு நிதானமாக முதிர்வதால் அதற்குள் இருக்கும் எண்ணெய் ஆவியாகிப் போகாமல் தங்குகிறது. கடலை விட்டு விலகி மலைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருந்த இடத்திலும் வேலை செய்வது கடல்தான்.

இதைக் கேட்டதும் அண்ணன் தம் கட்சிக்கு வலுச் சேர்ந்தது போல மார்னிங்டனை இழுத்தார். அங்கேயும் கடற்காற்று பகல் வெயிலைத் தணித்து இரவுக் குளிரையும் மட்டுப்படுத்துவதால்தான் பினோ நுவார் அவசரப்படாமல் பழுக்கிறதாம். கடலுக்குத் தூரமான ரூதர்க்ளெனில் பகல் கொளுத்தும், இரவு சட்டென்று குளிரும். அந்த நீண்ட வறண்ட இலையுதிர்காலம்தான் பழத்தைக் கொடியிலேயே வதங்க விடுகிறது. கடலோரமும் உள்நாடும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் இருவேறு சரக்குகள் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாமல் போயிற்று.

மலையைப் பற்றி என் தனிப்பட்ட கருத்து ஒன்று. காட்சிக்குக் கடலோரத்தைவிட மலை பல மடங்கு மேல். ஓடையும் நிழலும் குளிரும், கிராம்போடு கலந்து நிற்கும் மிளகும் ஜாதிக்காயும், ஒரே நாளில் பல பயிர்களைக் காணும் வாய்ப்பும் கடலோரத்தில் இல்லை. ஆனால் கொத்தைப் பிரிப்பதற்கும் பையில் கட்டுவதற்கும் இடையில் வெயிலைத் தவிர வேறு யாரும் வேலை செய்வதில்லை. முட்டத்தில் விடியற்காலை சொட்டிய சாறு மதியத்துக்குள் சிரட்டையில் உறைந்ததை நேற்றுப் பார்த்த கண்ணுக்கு, ஐந்து நாள் காய வேண்டிய கிராம்பு கொஞ்சம் பொறுமையைச் சோதித்தது.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்

இன்று பெரிய பயணம் இல்லை. மட்டிப் பழம் ஒரு குலை வாங்கி வந்தோம். கன்னியாகுமரி மட்டிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு வந்திருக்கிறது என்பதை அண்ணனிடம் சொன்னபோது, அவர் ஏற்கெனவே பாதிச் சீப்பைக் காலி செய்திருந்தார்.

மாலையில் மைனி கேட்டார், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று. கடற்கரைக்குத்தான் என்றேன். கிராம்பு உலர்ந்த பொருள். சென்னையிலும் கிடைக்கும், மெல்பர்னிலும் கிடைக்கும், ஓராண்டு டப்பாவில் கிடந்தாலும் மணம் போகாது. அக்கானி அந்த மரத்தடியில் அந்த வேளையில் மட்டும் கிடைப்பது. கொண்டுபோக முடிந்ததை வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோக முடியாததைத் தேடித்தான் போக வேண்டும். இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாளை மலைக்குக் கொடுக்கலாம். வயதானவர்களோடு வருபவர்களுக்கு மட்டும் இதை மாற்றிச் சொல்வேன். தேரி மணலில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது, மலையில் ஜீப் தோட்டம் வரை போய்விடும்.

அண்ணன் விடவில்லை. அப்படியானால் ஒயின் கொண்டுபோக முடிந்த பொருள்தானே, குப்பியில் உலகம் முழுக்கப் போகிறதே, எந்தத் தோட்டத்துக்கும் போக வேண்டாம் என்றாகிவிடாதா என்று மடக்கினார். நியாயமான கேள்வி. மைனிதான் பதில் சொன்னார்: குப்பியைப் பார்க்கப் போக வேண்டாம், பறிப்பையும் பிழிவதையும் பார்க்கப் போகலாம், அது எப்போது எங்கே நடக்கிறது என்பதைப் பார்த்து இடத்தை முடிவு செய்யலாம். கடலோரமா உள்நாடா என்று தொடங்கிய வழக்கு இப்படி நாட்காட்டியிடம் போய் நின்றது.

திங்கட்கிழமை, நாகர்கோவில்

காலையிலேயே இருவரும் கணினி முன் உட்கார்ந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் திராட்சை அறுவடை பிப்ரவரி வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை போகிறது. ஈஸ்டருக்கு மார்னிங்டனில் பெரும்பாலான பழம் தொட்டிக்குள் போயிருக்கும். வதங்கட்டும் என்று விட்டுவைக்கும் ரூதர்க்ளென் மஸ்கட்டோ மற்றவற்றுக்கெல்லாம் பிந்திப் பறிக்கப்படுவது. ஆகவே மைனியின் விருப்பப்படி உள்நாடு. மேசையும் கோப்பையும் மட்டும் வைத்திருக்கும் இடங்களை விட்டு, பீப்பாய்க் கொட்டகைக்குள் அழைத்துப்போய்க் காட்டும் சிறு தோட்டங்களாகப் பார்த்து எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மார்னிங்டன் ஒரு மணி நேரத் தூரம்தானே, அதற்கு விடுமுறை எதற்கு, ஒரு சனிக்கிழமை போதும் என்று மைனி சொன்னதை அண்ணன் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டார். அவருக்கும் நட்டமில்லை, பீப்பாயிலிருந்து நேராக எடுத்துக் கொடுக்கும் பழைய மஸ்கட் என்றதும் முகம் தெளிந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் குமரிக்கு வர நினைப்பவர்களுக்காக: மாசியும் பங்குனியும் இரண்டுக்கும் ஏற்றவை. சித்திரையில் அக்கானி நன்றாகவே இருக்கும், கிராம்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஆரல்வாய்மொழிக் காற்றும் சேர்ந்துகொள்வதால் அருவி பார்க்க வரலாம், இந்த இரண்டுக்காகவும் வர வேண்டாம். பனையேறியைப் பார்க்கப் போவதானால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், விடியும்போது மரத்தடியில் இருங்கள், அவர் மரத்தில் இருக்கும்போது கீழிருந்து கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள். குடித்த அக்கானிக்கும் அவர் உங்களுக்காகச் செலவிட்ட நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். மலைக்குப் போவதானால் வேலை நாளில் போங்கள்.

நாளை அதிகாலை திருவனந்தபுரம் விமான நிலையம். கருப்பட்டியும் கிராம்பும் பெட்டியில் ஏறிவிட்டன. மெல்பர்னில் இறங்கியதும் உணவுப் பொருள் என்று படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் இரண்டையும் மேலாகவே எடுக்கும்படி மைனி அடுக்கியிருக்கிறார்.